பாதாளக்கரண்டி

பேசாலையில் எங்கள் வீட்டின் பின்விறாந்தை வளையில் ஒரு பாதாளக்கரண்டி தொங்கிக் கொண்டிருக்கும். இரும்பு வளையமொன்றிற் கோத்த சிறு சங்கிலிகளும், ஒவ்வொரு சங்கிலியின் முனையிலும் மேல்நோக்கி வளைந்த கொளுக்கிகளுமாக, பார்வைக்குக் காய்ந்துபோன நண்டொன்றினைப் போலிருக்கும் அது. கிணற்றில் வாளி விழுந்துவிட்டால் அதனைக் கயிற்றிற் கட்டி இறக்கித் துழாவுவார்கள். எங்கோ ஒரு கொளுக்கி வாளியின் பிடியில் மாட்டும், மேலே தூக்குவார்கள். குழந்தைப் பருவத்தில் அது எனக்கொரு மந்திரக் கருவியாகவே தோன்றியது. கண்ணுக்குத் தெரியாத இடத்திற் கிடப்பதைக் கையால் உணர்ந்தே மீட்டெடுக்கும் வித்தை வேறெந்தக் கருவிக்கும் இல்லையென்று நினைத்திருந்தேன்.

அயலில் எல்லா வீடுகளிலும் அக்கருவி இராது. ஆதலால் இரவல் கேட்டு வருவார்கள். அப்பொழுது அம்மா ஒரு நிபந்தனை விதிப்பார். செம்போ பித்தளைக் குடமோ ஏதாவதொரு பாத்திரத்தை ஈடாக வைத்துவிட்டுத்தான் கரண்டியை எடுத்துச் செல்ல வேண்டும். அயலவர் மீதுள்ள அவநம்பிக்கையன்று இதற்குக் காரணம். தொலைந்ததைத் தேடப் போகும் கருவியே கிணற்றில் தொலைந்துபோக வாய்ப்புண்டு. கயிற்றினை ஒழுங்காகக் கட்டாத கையில் அகப்பட்டால் வாளியும் போய்க் கரண்டியும் போகும். அம்மா இதனை விளக்கியதில்லை. விளங்குவதற்கு எனக்குப் பத்தொன்பது வயதாக வேண்டியிருந்தது.

தமிழ்ச் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மாணவ நண்பர்கள் கேட்டபொழுது, இலக்கியம் பற்றி எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுதப் போவதோ 1977ஆம் ஆண்டு தை மாதத்தில் மன்னார்க் கடலில் தொலைத்த ஒரு வலையைப் பற்றி. ஓய்வு பெற்ற பின்னர் மனிதன் தனது கணக்குகளைத் திருப்பிப் பார்க்கிறான். அக்கணக்குகளில் இதுவும் ஒன்று.

மன்னார்த் தீவு இரு கடல்களுக்கு நடுவே நீண்டு கிடக்கும் ஒரு மணற்றிட்டு. வடக்கே பாக்குக் கடல். தெற்கே மன்னார் வளைகுடா. பேசாலை வடகரையில் அமைந்த ஊர். சோளகக் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடலிலே தொழில் நடக்கும். வாடைக்காற்று எழுந்து வடகடல் கலங்கும்போது, வலையையும் அரிசி மூட்டையையும் சுமந்துகொண்டு தொழிலாளர் தென்கடற் பக்கம் போய்விடுவர். எங்கள் மாமாவின் மூன்றரைத் தொன் படகு அக்காலங்களிற் பெருநிலத்தின் மேற்குக் கரைக்குச் சென்று, சிலாவத்துறைக்கு அண்மையில் வாடியடித்துத் தங்கும். வாடைக்காற்று அங்கே நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதாற் கரையோரம் குளம்போலக் கிடக்கும்.

சிலாவத்துறை, அரிப்பு, கொண்டச்சி என்னும் பெயர்களை முத்துக்குளிப்பின் வரலாற்றைக் கற்றவர்கள் அறிவர். தேசாதிபதி பிரடெரிக் நோர்த் 1801ஆம் ஆண்டு தொடக்கம் 1804ஆம் ஆண்டு வரையிற் கட்டுவித்த டொரிக் மாளிகை அரிப்புக் கரையில் இடிந்து கிடக்கின்றது. முத்துக்குளிப்பைக் கண்காணிக்க எழுந்த மாளிகை அது. 1905ஆம் ஆண்டில் மாத்திரம் இக்கடலிலிருந்து 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டே முத்துப் பார்கள் ஓர் ஆங்கிலக் கம்பனிக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907இன் பின் சிப்பிகள் இல்லாது போயின, கம்பனியும் நொடித்தது. 1925ஆம் ஆண்டின் குளிப்போடு அப்பெருந்தொழில் ஏறக்குறைய முடிவுற்றது.

சிப்பிகள் ஏன் இவ்வாறு திடீரெனத் தோன்றித் திடீரென மறைகின்றன என்பதை ஆராய 1902ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து பேராசிரியர் ஹேர்ட்மன் வந்தார். அவருடைய அறிக்கை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. நான் பல்கலைக்கழக நூலகத்தில் அதனைப் படித்தபொழுது, எங்கள் ஊரார் படியாமலே அறிந்திருந்த ஒரு செய்தி அதிலிருந்தது. கரையிலிருந்து ஏறக்குறைய 20 மைல் தூரத்தில் 'பெரிய பார்' என்னும் கற்பார் உள்ளது. அதன்மேல் ஆழம் 10 பாகம் அளவினது. அதனைக் கடந்தவுடன் கடலின் தரை மலைச்சரிவு போல் இறங்குகிறது. சில மைல்களுக்குள் 100 பாகத்துக்கும் அப்பால் ஆழ்ந்துவிடுகிறது. சிப்பிக் குஞ்சுகள் அப்பாரில் இலட்சக்கணக்கில் வந்து படியும். சோளகக் கடல் அவற்றை அள்ளிச் சரிவிற் கொட்டிவிடும். விளிம்பில் வாழ்வதன் விலை அது. ஆயினும் விளிம்பிலேதான் வளமும் உண்டு. இரவிற் பெருந்திருக்கைகள் சரிவிலிருந்து பாரை நோக்கி இரை தேடி வரும் என்பது அப்பாவின் அனுபவம். திருக்கை வலையை அவர் அவ்விளிம்பிலேதான் விடுவார்.

வலை இருபது துண்டுகள். நைலோன் நூல், அகன்ற கண். அதற்கு முந்திய ஆண்டு, அம்மாவின் தாலிக்கொடியை அடைவு வைத்து, மிகுதிக்கு மீன் முதலாளி ஒருவரிடம் முற்பணம் பெற்று வாங்கியது. படகு மாமாவினுடையது; வலை எங்களுடையது. கிடைக்கும் வருவாய் படகுக்கு, வலைக்கு, ஆட்களுக்கு என்று பங்கிடப்படும். வலையில்லாதவனுக்கு உடம்பின் பங்கு மாத்திரமே. நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். பல்கலைக்கழகம் கிடைத்தால் அதற்குரிய செலவையும் அவ்வலையே தரவேண்டியிருந்தது.

தை மாதத்து மாலையொன்றில் நாங்கள் நால்வர் பாரின் விளிம்பில் நின்றோம். அப்பா வலையை இறக்கினார். மாமா படகைச் செலுத்தினார். கூலியாள் ஒருவர் கற்களைத் தூக்கிக் கொடுத்தார். துண்டுகளின் மேற்கயிறுகளை ஒன்றோடொன்று தொடுப்பது என் வேலை. பத்தாவது துண்டையும் பதினோராவது துண்டையும் தொடுக்கும்பொழுது இருள் சூழ்ந்துவிட்டது. காற்றுக் குளிர்ந்தது, விரல்கள் விறைத்திருந்தன. நைலோன் கயிறு பருத்திக் கயிறு போலன்று. வழுவழுப்பானது, ஒரு முடிச்சுக்கு அடங்காது. முடிச்சுப் போட்டு, அதன்மேல் மறுமுடிச்சும் போட்டு, நுனியைத் திருப்பி நூலாற் கட்டவேண்டும். நான் ஒன்று போட்டேன்; மற்றதைப் போடவில்லை.

"ரெண்டு முடிச்சும் போட்டனியே தம்பி?" என்று அப்பா இருளிலிருந்து கேட்டார்.

"ஓம் அப்பா" என்றேன்.

இந்த இரண்டு சொற்களையும் எத்தனையோ இரவுகளில் மீண்டும் கேட்டிருக்கிறேன். அறியாமையால் விளைந்த பிழையாயின் மறந்திருப்பேன். மறுமுடிச்சின் தேவை எனக்குத் தெரியும். எனினும், படித்தவனாகப் போகும் எனக்கு இத்தொழில் இன்னும் சில வாரங்களுக்குத்தானே என்ற எண்ணம் உள்ளே இருந்தது. கையின் சோம்பலை அது நியாயப்படுத்தியது. சோம்பலை மறைக்க நாக்கு உதவியது.

இரவைப் பாரின்மேல் நங்கூரமிட்டுக் கழித்தோம். விடியற்காலையில் வலையின் உட்பக்க மிதவை இருந்த இடத்தில் இருந்தது. இழுக்கத் தொடங்கினோம். முதற் பத்துத் துண்டுகளும் வந்தன. அவற்றில் ஐந்தாறு திருக்கைகளும் இருந்தன. அதன்பின் வலை திடீரென இலேசாயிற்று. மேற்கயிற்றின் நுனி வெறுமனே நீரிலிருந்து எழுந்து வந்தது. வெளிப்பக்க மிதவையைத் தேடினோம். கடல் வெறுமையாய்க் கிடந்தது. நடந்தது எல்லோருக்கும் விளங்கிற்று. பிரிந்துபோன பத்துத் துண்டுகளும் நீரோட்டத்தில் விளிம்பைத் தாண்டிச் சரிவில் இறங்கிவிட்டன. மிதவைக்குக் கட்டியிருந்த கயிறு 18 பாகம். வலை அதற்கு மேற்பட்ட ஆழத்துக்குச் சென்றதும் மிதவையையும் கீழே இழுத்துக்கொண்டது.

அப்பா கயிற்றின் நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தார். அறுந்த கயிறு தும்பு விரிந்திருக்கும். பாறையில் உரசித் தேய்ந்த கயிறு மயிர் பிரிந்து வெளுத்திருக்கும். அவிழ்ந்த கயிற்றின் நுனியோ வெட்டிய நாளில் இருந்தவாறே ஒழுங்காக இருக்கும். அவர் பார்த்தது கணப்பொழுதுதான். உடனே கையை மூடிக்கொண்டார்.

"பார் அறுத்துப் போட்டுது" என்றார் மாமாவை நோக்கி.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. நான் அப்பாவின் மூடிய கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் தந்தை பொய் பேசி நான் கேட்டது அதுவே முதற்றடவை. அதனைப் பேச வைத்தவனும் நானே.

தேடலின் முதல் விதி தேடுவதன்று, குறியிடுவது என்பதை அன்று கற்றேன். மாமா உடனே ஒரு கல்லை நீண்ட கயிற்றிற் கட்டி இறக்கி, அதன் மேன்முனையில் வெற்று எண்ணெய்த் தகரமொன்றைக் கட்டி மிதக்கவிட்டார். தரையிலே தொலைத்தவன் திரும்பி வந்து அதே இடத்தில் நிற்கலாம். கரை தெரியாத கடலில் 'இதே இடம்' என்று ஒன்றில்லை. அதனை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதன் பின்னர் அப்பா ஈயக்குண்டை எடுத்தார். அதன் அடியிலுள்ள குழியிற் சவர்க்காரத்தை அப்பி இறக்கினார். குண்டு தரையைத் தொட்டதும் இழுத்தெடுத்து ஒட்டியிருந்ததைப் பார்த்தார். ஓரிடத்திற் சிப்பித்தூள், ஓரிடத்தில் எதுவும் ஒட்டாது வெறும் வடு மட்டும், அதாவது கல், வேறோரிடத்திற் சாம்பல் நிறச் சேறு. இவ்வாறு மேற்கே நகர்ந்து நகர்ந்து, 12, 19, 31 பாகம் என எண்ணி, கண்ணாற் காணாத சரிவொன்றை அவர் மனத்திலே கீறிக்கொண்டார். நில அளவையாளர் ஒருவர் பல நாளிற் செய்யும் வேலையை அவர் இரண்டு மணி நேரத்திற் செய்தார் என்றால் மிகையாகாது.

பின்னர் படகின் சிறு நங்கூரத்தை இழுத்துத் தேடினோம். அகப்பட்டவை கற்களும் கடற்பஞ்சும் மட்டுமே. டீசல் குறைந்தது. மாலையிற் கரைக்குத் திரும்பினோம்.

சிலாவத்துறையில் ஒரு முதிய முஸ்லிம் பெரியவர் இருந்தார். சங்கு குளித்து முதுமையடைந்தவர். இளமையில் 1925ஆம் ஆண்டு முத்துக்குளிப்பிலும் இறங்கியவர். அவரிடம் நான்கு நாக்குகள் கொண்ட பெரிய தேடுநங்கூரம் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டுப் பாதாளக்கரண்டியைப் பன்மடங்கு பெருப்பித்தாற் போன்றது. அப்பா அதனை இரவல் கேட்டார். கேட்ட கையோடு, வீட்டு வழக்கப்படி, வாடியிலிருந்த பித்தளைக் குடத்தை ஈடாக எடுத்து வைத்தார். பெரியவர் சிரித்தார்.

"கடலுக்குப் போறவன்ட சாமானுக்கு ஈடு வாங்கிற வழக்கம் எனக்கில்ல. கிடச்சாச் சொல்லி அனுப்புங்க, அது போதும்" என்றார்.

அன்றிரவு அவர் எங்களுக்குத் தேநீர் தந்து பழைய குளிப்பைப் பற்றிச் சொன்னார். குளியாள் காலை ஒரு கல்லின்மேல் வைத்துக் கடலில் இறங்குவான். அடியைத் தொட்டதும் காலை எடுத்துவிடுவான். மேலே படகில் நிற்பவன் முதலிற் கல்லை இழுத்துக்கொள்வான். குளியாள் மூச்சுள்ளவரை சிப்பிகளைப் பொறுக்கிக் கூடையிலிட்டுக் கயிற்றை அசைப்பான். அதன் பின்பே அவனும் கூடையும் மேலே வருவர். "கல்லு மேல வந்துட்டா, மறுக்காக் குளிக்கலாம். கல்லு போனா அன்றையத் தொழில் போச்சு. அதனாலதான் கல்லுக்குக் கயிறு கட்டுறவன நாங்களே பாத்து எடுக்கிற" என்றார். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எனினும் தேநீர் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

புறப்படும்போது அவர் அப்பாவுக்கு ஓர் உபாயம் கூறினார். சரிவில் வீழ்ந்த வலை மேலிருந்து கீழாக நீண்டு கிடக்கும். நங்கூரத்தையும் மேலிருந்து கீழாக இழுத்தால் வலைக்குப் பக்கத்தால் ஆயிரம் முறை போனாலும் தொடாது. சரிவுக்குக் குறுக்கே, ஒரே ஆழத்தில் நடக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஐந்து பாகம் ஆழத்தைக் கூட்டி மீண்டும் குறுக்கே நடக்க வேண்டும். மலையில் தொலைந்த மாட்டைத் தேடுபவன் மலையைச் சுற்றி வருவது போல.

மறுநாட் காலை புறப்பட்டோம். தகர மிதவை இருந்தது. அன்று முழுவதும் குறுக்கே நடந்தோம். 15 பாகம், 20 பாகம், 25 பாகம். ஒன்றுமில்லை. அதன்பின் நான்கு நாட்கள் காற்றுப் பலத்ததாற் படகு இறங்கவில்லை. அந்நான்கு நாட்களும் வாடியில் எவரும் உரத்துப் பேசவில்லை. மாமா எஞ்சிய பத்துத் துண்டுகளையும் பொத்தினார். எரிந்த டீசலின் கணக்கை ஒரு வார்த்தையாயினும் அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஏழாம் நாள் மீண்டும் சென்றோம். தகர மிதவை இடம் பெயர்ந்திருந்தது. ஈயக்குண்டையும் சவர்க்காரத்தையும் கொண்டு அப்பா பழைய விளிம்பைக் கண்டுபிடித்தார். பிற்பகலில், 30 பாகத்தைக் கடந்த ஆழத்திற் குறுக்கே நடக்கையில், கயிற்றைப் பிடித்திருந்த என் கையில் ஒரு மாற்றம் தெரிந்தது. கல்லிற் கொளுவினாற் கயிறு வெட்டி இழுக்கும். இது அவ்வாறன்றி, உறங்குபவன் ஒருவனை மெல்ல இழுத்தாற் போல, பாரமாய், நெகிழ்வாய், தொடர்ந்து வந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் வந்து கயிற்றில் இரு விரல்களை வைத்தார்.

"வலைதான்" என்றார்.

நால்வரும் இழுத்தோம். உள்ளங்கைகள் உரிந்தன. சிக்கலாய்ச் சுருண்டு மேலே வந்த வலையிலிருந்து எழுந்த நாற்றத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. ஏழு நாட்களாக அது தன் தொழிலை விடாமற் செய்திருந்தது. அழுகிய திருக்கைகள், அவற்றைத் தின்ன வந்து மாட்டிய சுறாக்கள், அவற்றைத் தின்ன வந்த நண்டுகள். நடுவே ஒரு பெரிய ஆமை. ஆமை நீரில் வாழ்ந்தாலும் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். கழுத்திலும் முன்துடுப்புகளிலும் வலை இறுகியிருந்தது. அது எவ்வளவு போராடிற்று என்பதைச் சுற்றியிருந்த முறுக்கே காட்டியது. ஊரில் ஆமையிறைச்சி உண்பவர் உண்டு. எனவே ஆமையின் சாவு எங்களுக்குப் புதிதன்று. ஆனால் உண்ணுவதற்குமின்றி, விற்பதற்குமின்றி, எவருடைய பசியையும் தீர்க்காமல் நிகழ்ந்த அச்சாவைப் பார்த்து அப்பா நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார். பின்னர் கத்தியை எடுத்து வலையின் கண்களை ஒவ்வொன்றாக அறுத்து அதனை விடுவித்துக் கடலில் இறக்கினார். கடன்பட்டு வாங்கிய வலையை அவர் தம் கையாலேயே அறுத்தது அன்றுதான்.

ஏழு துண்டுகள் மீண்டன. மூன்று துண்டுகள் எங்கோ கல்லில் இறுகி அறுந்து கீழே தங்கிவிட்டன. பொழுது சாய்ந்தது. "மூண்டு துண்டு கடலுக்கு" என்று மாமா இயந்திரத்தை இயக்கினார்.

அன்றிரவு கரையில் வலையை உலர விரித்துக்கொண்டிருந்தபொழுது அப்பாவின் அருகே சென்றேன். "அப்பா, அந்த முடிச்சு..." என்று தொடங்கினேன்.

"கயித்தின்ர நுனியை நானும் பாத்தனான்தானே" என்றார். சிறிது பொறுத்து, "முடிச்சுப் பிழைக்கிறது ஆருக்கும் வரும். போட்டனான் எண்டு சொன்னியே, அதுதான் வலையைக் கொண்டு போனது. போடேல்லை எண்டு சொல்லியிருந்தா நான் வந்து போட்டிருப்பன்" என்றார். பின்னர் இரண்டு கயிற்றுத் துண்டுகளை என் கையில் தந்து முடிச்சைப் போடச் சொன்னார். போட்டேன். அவிழ்த்துவிட்டு மீண்டும் போடச் சொன்னார். நிலவு உச்சிக்கு வரும்வரை போட்டுக்கொண்டேயிருந்தேன். மறுநாட் காலையில், தேடுநங்கூரத்தைத் தோளிற் சுமந்து சென்று பெரியவரிடம் ஒப்படைத்தவனும் நான்தான்.

பல்கலைக்கழகம் வந்தபின் உலகத்தைப் பற்றிப் பலவும் படித்தேன். அல்ப்ஸ் மலைகளிற் பனிச்சறுக்குக்குச் செல்வோர் செங்குத்தான சரிவுகளில் விழும்போது, காலிற் பூட்டிய சறுக்குப் பலகை கழன்று ஆழ்ந்த பனிக்குள் மறைந்துவிடுமாம். ஆதலாற் பலகையில் நீண்ட வண்ணநாடா ஒன்றைக் கட்டிக்கொள்வார்களாம்; பலகை புதைந்தாலும் நாடாவின் ஒரு பகுதி பனிக்கு அண்மையிலே கிடக்கும். பனிச்சரிவிற் புதையும் மனிதனைக் கண்டுபிடிப்பதற்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தகைய சிவப்புக் கயிற்றினை இடுப்பிற் கட்டும் வழக்கம் அங்கு உண்டாயிற்று. படித்தபொழுது எனக்கு நகைப்பும் உவகையும் ஒருங்கே எழுந்தன. பனியையே காணாத எங்கள் மிதவையும், கடலையே காணாத அவர்களின் நாடாவும் ஒரே அறிவின் இரு கிளைகள். தொலைவதற்கு முன்பே, தொலையும் என்று எண்ணிக் கட்டிவைப்பதே அவ்வறிவு.

1990ஆம் ஆண்டு ஆனி மாதத்திற் போர் மீண்டும் மூண்டபொழுது எங்கள் தீவு தன்னையே தொலைத்தது. படகு கிடைத்தவர்கள் இரவோடிரவாக இராமேசுவரத்துக்குக் கடல் கடந்தனர். என் பெற்றோரும் மாமாவும் மண்டபம் முகாமை அடைந்தனர். அதே ஆண்டு ஐப்பசியில், மன்னார்த் தீவினதும் முசலிப் பகுதியினதும் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். சிலாவத்துறைப் பெரியவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவருடைய மக்கள் புத்தளம் போய்ச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். ஈடு வாங்காமல் இரவல் தந்த அந்த வீட்டுக்கு எவரும் எந்த ஈடும் கொடுக்கவில்லை. அத்தேடுநங்கூரம் எங்கே போயிற்றென்று கேட்பதற்கும் ஆளில்லை.

1993இல் அப்பா மண்டபம் முகாமிலேயே காலமானார். நான் கொழும்பிலிருந்து விமானத்திற் சென்று சேர்ந்தபொழுது அடக்கம் முடிந்திருந்தது. அன்றிரவு மாமாவும் நானும் முகாமின் வெளியே கடலைப் பார்த்து அமர்ந்திருந்தோம். அப்பாவின் நல்லியல்புகளைப் பேசிக்கொண்டு வந்தவர், இடையிலே, "அந்தக் கயிறு அவிண்டதெண்டு எனக்கும் தெரியும் மருமகன்" என்றார். நான் திடுக்கிட்டேன். "கொப்பர் கையை மூடினவர், அதுக்கு முந்தியே நான் கண்டனான். அவர் மறைச்சதாலை நானும் மறைச்சன். அவர் மகனைக் காப்பாத்தினார், நான் அவரைக் காப்பாத்தினன்" என்றார். பதினாறு ஆண்டுகளாக இருவரும் ஒருவருக்கொருவர் அதனைச் சொல்லிக்கொள்ளவில்லை. என்னுடைய பொய்யை இரு மனிதர்கள் மௌனமாகச் சுமந்திருந்தார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். மீட்கப்பட்டவை ஏழு துண்டுகள் என்று நான் எண்ணியிருந்தேன். மீட்டெடுக்கப்பட்டவற்றுள் நானும் ஒருவன் என்பது பின்பே விளங்கிற்று.

2009இற் போர் முடிந்தபின் ஊரவர் பலர் திரும்பிவந்து மீண்டும் வலை விட்டனர். இப்பொழுது வலை தொலைவதற்கு வேறு காரணங்களும் சேர்ந்தன. அக்கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் கடலடியை வாரிச் செல்லும்போது எங்கள் வலைகளும் அவற்றோடு போய்விடும். அங்கே பாதாளக்கரண்டியால் ஆவது ஒன்றுமில்லை; கிணறே இடம்பெயர்ந்தால் வாளியை எங்கே தேடுவது? வட கரையிற் சில ஊர்களில் உள்ளூர் இழுவைப் படகுகளும் இருந்தன என்பதை மறைப்பது நேர்மையாகாது. 2017ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் சட்டத் திருத்தமொன்றினால் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. சட்டம் வந்தது நன்று. ஆனால் இரு கரையிலும் தமிழ் பேசும் ஏழைகளே ஒருவர் வலையை ஒருவர் அறுக்கும் துயரத்தைச் சட்டமொன்றே தீர்த்துவிடாது.

கடலில் தொலையும் வலைகளைப் பற்றி உலகமும் இப்பொழுது கவலைகொள்ளத் தொடங்கியிருக்கிறது. அவற்றைப் 'பேய்வலைகள்' என்று அழைக்கிறார்கள். எவர் கையிலும் இல்லாத வலை, எவர் பசிக்குமன்றி, தானே பிடித்துத் தானே கொல்கிறது. பருத்தி வலை சில மாதங்களில் உக்கிப்போகும், நைலோன் உக்குவதில்லை. மீன்பிடி உபகரணங்களுக்கு உரியவரின் அடையாளத்தைப் பொறிக்க வேண்டும், தொலைந்தால் அறிவிக்க வேண்டும் என்று 2018ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்தின் மீன்பிடிக் குழு வழிகாட்டுநெறிகளை ஏற்றுக்கொண்டது. படித்தபொழுது, "கிடச்சாச் சொல்லி அனுப்புங்க" என்ற முதியவரின் குரல் கேட்டது. தொலைத்தேன் என்று சொல்வதே தேடலின் தொடக்கம் என்பதை அவ்வழிகாட்டியும் வேறு சொற்களிற் கூறுகிறது.

பெரிய பாரின் மேற்குச் சரிவில், 30 பாகத்துக்குக் கீழே, எங்கள் வலையின் மூன்று துண்டுகள் கிடக்கின்றன. அவை இன்னும் உக்கியிரா. சேறு மூடியிருக்கலாம்; பவளம் படர்ந்திருக்கலாம். அல்லது இன்றிரவும் ஏதோவோர் உயிர் அதிலே சிக்கியிருக்கலாம். முடிச்சைப் போட்டேன் என்று பத்தொன்பது வயதில் நான் சொன்ன இரண்டு சொற்களின் தொழில் அங்கே முடிந்துவிட்டதா என்பதை அறிய எனக்கு வழியில்லை. இக்கட்டுரையை எழுதியதாற் கடலடியில் ஒரு கண்ணும் அவிழப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

எங்கள் பேசாலை வீட்டின் பாதாளக்கரண்டி எப்படியோ தப்பியிருந்தது. துருவேறிய அதனைத் துடைத்து எண்ணெய் பூசி இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறேன். குழாய்த் தண்ணீர் வந்துவிட்ட காலத்தில் அதனை இரவல் கேட்டு எவரும் வருவதில்லை. ஆண்டுக்கொருமுறை அதன் வளையத்திற் புதிய கயிறொன்றைக் கட்டுகிறேன். முடிச்சுப் போட்டு, மறுமுடிச்சும் போட்டு, நுனியைத் திருப்பி நூலாற் கட்டிவிட்டு, ஒருமுறை இழுத்துப் பார்க்கிறேன்.